இணையப் பக்கத்தில் அசைவு திக்காமல் ஓட எத்தனை ஃபிரேம் வைப்பது?

போன வருடம் சீசனுக்குச் சற்று முன்னால் குற்றாலத்தில் ஒரு தங்கும் விடுதிக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். முகப்பில் அருவிப் படம், அதற்கு மேல் மெல்லிய சாரல் விழுவது போல ஓர் அசைவு. செங்கோட்டையில் என் வீட்டு லேப்டாப்பில் பார்க்கும்போது கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. ஒப்படைத்த அன்று மாலையே விடுதிக்கார அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, சாரல் விட்டு விட்டுல்லா விழுது. பட்டனை அமுக்குனாலும் ஸ்டக் ஆகுது." அவர் கையில் இருந்தது நாலைந்து வருடப் பழைய ஃபோன்.

இரண்டு நாள் கழித்து, அறை கேட்டுப் பேசிய கேரளத்துப் புனலூர்க்காரர் ஒருவர் அண்ணாச்சியிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்: "இது சாற்றல் மழையல்லல்லோ, பெருமழையாணல்லோ." அவரிடம் இருந்தது 120 ஹெர்ட்ஸ் திரை, அதாவது நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரை உள்ள புது ஃபோன். ஒரே பக்கம்தான். ஒரு ஃபோனில் திக்குகிறது, இன்னொன்றில் இரண்டு மடங்கு வேகத்தில் கொட்டுகிறது.

இதைச் சரி செய்ய எனக்குப் பதினோரு நாள் ஆனது. விவரம் தெரிந்திருந்தால் மூன்று நாளில் முடிந்திருக்கும். அந்த எட்டு நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஓரளவு ஜாவாஸ்கிரிப்டும் சிஎஸ்எஸ்ஸும் தெரிந்தால் போதும். அசைவு என்பது அடுத்தடுத்துக் காட்டப்படும் படங்கள்தான்; அதில் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். 30 ஃபிரேம் என்று நான் சொன்னால் நொடிக்கு 30 என்று பொருள்.

1. வேலையைத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு ஃபோன். இது இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். நான் தென்காசியில் ஒரு சர்வீஸ் கடையில் செகண்ட் ஹேண்டாக 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். திரையில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை, பேட்டரி பாதிதான் நிற்கும் என்றாலும் பரவாயில்லை. உங்கள் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர்கள் வைத்திருக்கும் ஃபோன்களில் மெதுவானது எதுவோ, ஏறக்குறைய அந்த ரகமாக இருக்க வேண்டும். வாங்க முடியாவிட்டால் வீட்டில் அம்மா, அத்தை யாராவது வைத்திருக்கும் ஃபோனை இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, 90 அல்லது 120 ஹெர்ட்ஸ் திரை உள்ள ஒரு ஃபோன். இதை வாங்க வேண்டியதில்லை. நண்பர்கள் யாரிடமாவது இருக்கும், ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும்.

மூன்றாவது, டேட்டா கேபிள். இதில் நான் அரை நாளைத் தொலைத்தேன். கடையில் கிடைக்கும் விலை குறைந்த கேபிள்கள் சில சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், கம்ப்யூட்டர் ஃபோனைக் கண்டுகொள்ளவே செய்யாது. "டேட்டா போகுமா?" என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், கோப்புகள். வாடிக்கையாளரிடமோ வடிவமைப்பாளரிடமோ முதல் நாளே கேட்டு வாங்க வேண்டியவை: வீடியோ இருந்தால் எடிட் செய்த மூலக் கோப்பு, அது எத்தனை ஃபிரேமில் எடுக்கப்பட்டது என்ற விவரம், லாட்டி (வடிவமைப்பாளர் செய்த அசைவை ஜேசன் கோப்பாகத் தரும் முறை) அசைவு இருந்தால் அதன் ஜேசன் கோப்பு, பழைய தளம் ஏதாவது இருந்தால் அதன் அனலிட்டிக்ஸ் பார்க்கும் அனுமதி. யார் எந்த ஃபோனில், எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்பது அதில் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவை மூலக் கோப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது சுருக்கப்பட்டு வேறு ஒன்றாகத்தான் உங்களிடம் வந்து சேர்கிறது.

அளக்கும் கருவிகளுக்குச் செலவே இல்லை. குரோம் உலாவியோடு வரும் டெவ்டூல்ஸ் என்ற சோதனைக் கருவிகள் போதும்.

2. ஹெர்ட்ஸும் ஃபிரேமும்: பஸ் கணக்கு

செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பஸ் சரியான இடைவெளியில் வந்துகொண்டே இருக்கிறது. நேரத்துக்குப் போனால் ஏறலாம். ஓட்டமாக ஓடி வந்து ஒரு நொடி தவறவிட்டால் அடுத்த பஸ்தான். பாதி பஸ் என்று ஒன்று கிடையாது.

திரையும் அப்படித்தான். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. அதாவது 16.67 மில்லிநொடிக்கு ஒரு பஸ். 90 ஹெர்ட்ஸ் என்றால் 11.1 மில்லிநொடி, 120 என்றால் 8.33, 144 என்றால் 6.94. உங்கள் கணக்கும் வரைதலும் இந்த நேரத்துக்குள் முடிந்தால் அந்த ஃபிரேம் திரைக்கு வரும். 17 மில்லிநொடி ஆகிவிட்டால் 60 ஹெர்ட்ஸ் திரையில் அது 33.3-வது மில்லிநொடியில்தான் வரும். அரை மில்லிநொடிகூடத் தாமதமில்லை, ஆனால் பார்ப்பவருக்கு ஒரு ஃபிரேம் முழுதாகக் காணாமல் போகிறது.

அந்தத் திக்கல் வருவது இங்கிருந்துதான். சில ஃபிரேம் 16.67-லும் சில 33.3-லும் கலந்து வந்தால் கண் அதை உடனே பிடித்துவிடும். சராசரி எடுத்தால் நொடிக்கு 45 ஃபிரேம் என்று கௌரவமான ஓர் எண் வரும், ஆனால் பார்க்க 30-ஐ விட மோசமாக இருக்கும். இதை நம்ப எனக்கு மூன்று நாள் பிடித்தது. நீங்களே ஒரு முறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள்: சீரான 30, சீரில்லாத 45. அதற்குப் பிறகு பெரிய எண்ணைத் துரத்தமாட்டீர்கள்.

3. அசைவுகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள்

பக்கம் முழுவதற்கும் ஒரே எண் என்று யோசிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஒரு தாளில் பக்கத்தில் அசையும் எல்லாவற்றையும் எழுதுங்கள். என் விடுதித் தளத்தில் ஐந்து இருந்தன: சாரல், மெனு திறப்பது, அறைப் படங்களை விரலால் தள்ளுவது, காத்திருக்கும்போது சுற்றும் வளையம், அருவி வீடியோ.

விரலோடு சேர்ந்து நகரும் எதையும் குறைக்காதீர்கள். படத்தைத் தள்ளுவது, ஸ்க்ரோல், இழுத்து மூடும் மெனு, இவையெல்லாம் அந்தத் திரை எவ்வளவு தருகிறதோ அவ்வளவிலும் ஓட வேண்டும். விரல் ஓரிடத்தில், படம் ஓரிடத்தில் என்றால் யாருக்கும் எரிச்சல்தான். முடிந்தவரை உலாவியின் சொந்த ஸ்க்ரோலையே பயன்படுத்துங்கள், நீங்களாக ஜாவாஸ்கிரிப்டில் ஒன்றை எழுதாதீர்கள்.

மெனு, வளையம் போன்ற சின்ன அசைவுகளை சிஎஸ்எஸ்ஸிடம் விட்டுவிடுங்கள். எத்தனை ஃபிரேம் என்று நீங்கள் முடிவு செய்யவே வேண்டாம்.

பின்னணியில் தானாக ஓடும் அலங்காரங்கள், அதாவது சாரல், மேகம், புகை, இலை உதிர்வது போன்றவற்றுக்கு 30 தாராளம். நான் எழுதுவதில் பெரும்பகுதி இவற்றைப் பற்றியதே, ஏனென்றால் ஃபோனின் உயிரை எடுப்பவை இவைதான்.

கையால் வரைந்த பொம்மை அசைவு என்றால் 12-கூடப் போதும். கார்ட்டூன் வரைபவர்கள் 24 ஃபிரேம் படத்தில் ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவது சாதாரண வழக்கம். சிஎஸ்எஸ்ஸில் இதற்கு ஸ்டெப்ஸ் என்ற வசதி இருக்கிறது. ஒரே நீளப் படத்தில் எல்லா ஓவியங்களையும் அடுக்கிவைத்து, படிப் படியாக நகர்த்தலாம்.

வீடியோவை அது எடுக்கப்பட்ட எண்ணிலேயே விடுங்கள். 25-ல் எடுத்ததை 30 ஆக்கி ஏற்றுமதி செய்தால் பெரும்பாலும் நொடிக்கு ஐந்து ஃபிரேம் இரட்டித்து வரும். அருவியில் தெரியாது, கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும் இடத்தில் பளிச்சென்று தெரியும்.

இரண்டு கோப்பு வகைகளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஒன்று கிஃப். அதில் ஒவ்வொரு ஃபிரேமின் நேரமும் நொடியில் நூறில் ஒரு பங்காகத்தான் எழுதப்படுகிறது. ஆகவே 60 ஃபிரேம் கிஃப் என்று ஒன்று கிடையாது. 2 என்று எழுதினால் 50 ஃபிரேம், 3 என்றால் 33.3, 4 என்றால் 25. வேகமாக ஓடட்டும் என்று 1 அல்லது 0 எழுதினால் உலாவிகள் அதை 10 என்று எடுத்துக்கொண்டு நொடிக்குப் பத்தே ஃபிரேம் ஓட்டும். வடிவமைப்பாளர் கணினியில் நன்றாக ஓடியது உங்கள் பக்கத்தில் மாட்டு வண்டி போல நகர்ந்தால் காரணம் இதுவாக இருக்கும்.

மற்றொன்று லாட்டி. கோப்பில் 24 ஃபிரேம் என்று எழுதியிருந்தாலும் லாட்டி நூலகம் இயல்பாக இடை ஃபிரேம்களையும் கணக்கிட்டுத் திரையின் முழு வேகத்துக்கு வரையும். பழைய ஃபோன் சூடாவதற்கு இது ஒன்றே போதும். சப்ஃபிரேம் என்ற அமைப்பை அணைத்தால் கோப்பில் உள்ள எண்ணுக்கே வந்துவிடும்.

4. எண்ணைத் தேர்ந்தெடுப்பது: மீதியில்லாமல் வகுபட வேண்டும்

திரையின் ஹெர்ட்ஸை நீங்கள் வைக்கும் எண் மீதியில்லாமல் வகுக்க வேண்டும். இந்த ஒரு விதியை மறந்தால் மற்ற எதைச் செய்தும் பலனில்லை.

60 ஹெர்ட்ஸ் திரையில் 30 வைத்தால் இரண்டு பஸ்ஸுக்கு ஒரு முறை ஏறுகிறீர்கள், சீராக இருக்கும். 20 வைத்தால் மூன்றுக்கு ஒன்று, அதுவும் சீர்தான். ஆனால் சினிமா மாதிரி இருக்கட்டும் என்று 24 வைத்தால் இரண்டரை பஸ்ஸுக்கு ஒரு முறை ஏற வேண்டும். அது நடக்காது. ஆகவே ஒரு ஃபிரேம் 33.3 மில்லிநொடி நிற்கும், அடுத்தது 50 நிற்கும், மறுபடி 33.3. மழை நொண்டியடிக்கும். 40, 45, 50 எல்லாமே 60 ஹெர்ட்ஸில் இப்படித்தான்.

அதே 24, 120 ஹெர்ட்ஸ் திரையில் ஐந்துக்கு ஒன்றாக அழகாக உட்காரும். 45, 90 ஹெர்ட்ஸில் அழகாக உட்காரும். ஆனால் யார் எந்தத் திரையோடு வருவார் என்று உங்களுக்குத் தெரியாதே! 60, 90, 120 மூன்றையும் மீதியில்லாமல் வகுக்கும் எண்களில் பெரியது 30. அலங்கார அசைவுக்கு நான் 30-ல் வந்து நின்றதற்குக் காரணம் இவ்வளவுதான்.

ஹெர்ட்ஸைத் தெரிந்துகொள்ள ஆண்ட்ராய்டின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஷோ ரெஃப்ரெஷ் ரேட் என்று ஒன்று, ஆண்ட்ராய்டு 11-லிருந்து பல ஃபோன்களில் இருக்கும். அதைப் போட்டால் திரை மூலையில் எண் ஓடும். சில ஃபோன்களில் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருங்கள்: விரல் வைக்கும்போது 120, எடுத்துச் சில நொடிகளில் 60, பேட்டரி சேமிப்பு போட்டால் 60-ஐத் தாண்டுவதே இல்லை. பக்கம் திறக்கும்போது ஒரு முறை அளந்துவிட்டு அதையே நம்பி இருக்கக் கூடாது என்பதற்கு இதுதான் சாட்சி.

5. வேகத்தை ஃபிரேமில் எழுதாதீர்கள், நொடியில் எழுதுங்கள்

புனலூர்க்காரர் பார்த்த பெருமழைக்குக் காரணம் என் ஒரே ஒரு வரி. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் துளியை 8 பிக்சல் இறக்கு என்று எழுதியிருந்தேன். 60 ஹெர்ட்ஸில் அது நொடிக்கு 480 பிக்சல். 120 ஹெர்ட்ஸில் 960. ஐஃபோனில் லோ பவர் மோட் போட்டிருந்தால் சஃபாரி ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வரும் அழைப்பை நொடிக்கு 30 ஆகக் குறைத்துவிடும், அங்கே 240. ஒரே மழை மூன்று ஃபோனில் மூன்று விதமாகப் பெய்யும்.

திருத்தம் எளிது. அசைவை ஓட்ட ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் என்ற அழைப்பைப் பயன்படுத்துங்கள். செட் இன்டர்வெலில் 16 என்று போட்டு ஓட்டாதீர்கள். அது திரையோடு சேர்ந்து துடிக்காது, கொஞ்சம் கொஞ்சமாக விலகி நடுவில் ஃபிரேமை விழுங்கும். ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் ஒவ்வொரு முறையும் உங்கள் ஃபங்ஷனுக்கு ஒரு நேரத்தைக் கொடுக்கும். போன முறை கொடுத்த நேரத்தை அதிலிருந்து கழியுங்கள். கிடைக்கும் இடைவெளியை 1000-ஆல் வகுத்து, நொடிக்கு 480 என்ற வேகத்தால் பெருக்கினால் துளி எவ்வளவு இறங்க வேண்டும் என்று வரும். எந்தத் திரையானாலும் ஒரே வேகம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வேறு டேபுக்குப் போனால் இந்த அழைப்பு நின்றுவிடும். நல்லதுதான், பேட்டரி மிச்சம். ஆனால் ஒருவர் வாட்ஸ்அப் பார்த்துவிட்டு 20 நொடி கழித்துத் திரும்பினால் இடைவெளி 20,000 மில்லிநொடி என்று வரும். துளிகள் எல்லாம் ஒரே தாவலில் 9,600 பிக்சல் கீழே போய்விடும், திரை காலியாக நிற்கும். ஆகவே இடைவெளி 100-ஐத் தாண்டினால் 100 என்றே எடுத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

6. 33.33 என்ற பொறி

என் பதினோரு நாளில் நான்கு நாளைத் தின்றது இது. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

30 ஃபிரேம் வேண்டும் என்றால் எல்லோருக்கும் தோன்றும் வழி: போன முறை வரைந்து 33.33 மில்லிநொடி ஆகிவிட்டதா என்று பார், ஆகியிருந்தால் வரை, இல்லாவிட்டால் விடு. தாளில் சரியாக இருக்கிறது. அண்ணாச்சி ஃபோனில் ஓட்டினால் நொடிக்கு 20 ஃபிரேம் வந்தது. ஃபோன் மெதுவானது என்று நினைத்துத் துளிகளைக் குறைத்தேன். மறுபடியும் 20. ஒரே ஒரு துளி மட்டும் வைத்தேன். அப்போதும் 20.

கடைசியில் ஒவ்வொரு இடைவெளியையும் அச்சிட்டுப் பார்த்தேன். 16.64, 33.28, 49.92. அந்தத் திரை துல்லியமாக 60 இல்லை, 60.1 போல ஓடியது. இரண்டு ஃபிரேம் சேர்ந்தால் 33.28. என் நிபந்தனை கேட்பது 33.33. இருபதில் ஒரு மில்லிநொடி போதவில்லை என்று ஒவ்வொரு முறையும் மூன்றாவது பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறது.

ஆகவே நிபந்தனையில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். 33.33-க்குப் பதில் 29 என்று எழுதுங்கள். 60 ஹெர்ட்ஸில் இரண்டாவது ஃபிரேமில் வரையும், 90-ல் மூன்றாவதில், 120-ல் நான்காவதில். 144 ஹெர்ட்ஸில் நான்கு ஃபிரேம் 27.8 என்பதால் விட்டுவிட்டு ஐந்தாவதில் வரையும், நொடிக்கு 28.8 வரும், அதுவும் சீராகவே இருக்கும். வேகத்தை நொடியில் எழுதியிருப்பதால் மழையின் வேகம் மாறாது. 29 என்ற இந்த ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போனாலும் எனக்குச் சந்தோஷம்.

7. 30-ல் ஓடுவதை 30 மாதிரித் தெரியாமல் செய்வது

ஃபிரேமைக் குறைத்ததும் அண்ணாச்சி ஃபோனில் திக்கல் போய்விட்டது. ஆனால் சாரல் புள்ளி புள்ளியாகத் தாவியது. காரணம் கணக்கிலேயே இருந்தது. நொடிக்கு 480 பிக்சல் இறங்கும் துளி 30 ஃபிரேமில் ஒவ்வொரு முறையும் 16 பிக்சல் தாவும். நான் வரைந்த துளிக்கோட்டின் நீளம் 6 பிக்சல். நடுவில் 10 பிக்சல் வெற்றிடம். கண் அதைத் தாவலாகப் பார்க்கிறது.

கோட்டை 18 பிக்சலாக நீட்டி, மேல் நுனியை மங்கலாக்கினேன். இப்போது ஒரு ஃபிரேமின் கோடு முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குகிறது. ஐந்தருவிச் சாலையில் சாயங்காலம் தெருவிளக்குக்குக் கீழே நின்று சாரலைப் பாருங்கள், துளியாகத் தெரியாது, இழையாகத்தான் தெரியும். வேகத்தை ஃபிரேம் எண்ணால் வகுங்கள். வருகிற எண்ணுக்குக் குறையாமல் கோட்டின் நீளம் இருக்கட்டும். இலை, பனி போன்ற மெதுவான அசைவுகளுக்கு இது தேவைப்படாது.

8. கிடைக்கும் நேரத்துக்குள் வேலையை அடக்குவது

60 ஃபிரேம் ஓட வேண்டியவற்றில் 16.67 மில்லிநொடியும் உங்களுடையது என்று நினைக்காதீர்கள். உலாவிக்கும் அதில் வேலை இருக்கிறது. உங்கள் ஸ்கிரிப்ட் 10-க்குள் முடியட்டும். 120 ஹெர்ட்ஸ் திரையில் எனக்கு 5 தாண்டினாலே கவலைதான்.

நகர்த்த டிரான்ஸ்ஃபார்ம், மங்கச் செய்ய ஒபாசிட்டி, இந்த இரண்டோடு நில்லுங்கள். டாப், லெஃப்ட், விட்த், ஹைட் ஆகியவற்றை அசைத்தால் உலாவி ஒவ்வொரு ஃபிரேமிலும் பக்கத்தின் இட அமைப்பையே மறுபடி கணக்கிடும். இது மாறப்போகிறது என்று உலாவிக்கு முன்கூட்டியே சொல்லும் வில் சேஞ்ச் என்பதை எல்லாவற்றிலும் ஒட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொன்றும் நினைவகத்தைப் பிடிக்கும், பழைய ஃபோனில் அதுவே பாரம்.

கேன்வாஸில் (ஜாவாஸ்கிரிப்டால் வரையும் பலகை) வரைபவர்களுக்கு ஒரு விஷயம். 360-க்கு 640 என்று தெரியும் திரை, பிக்சல் விகிதம் (ஒரு சிஎஸ்எஸ் பிக்சலின் அகலத்துக்கு எத்தனை திரைப் பிக்சல் என்பது) 3 என்றால் உண்மையில் 1080-க்கு 1920, அதாவது இருபது லட்சத்துக்கு மேல் பிக்சல். விகிதத்தை 1.5-ல் கட்டினால் 540-க்கு 960, நாலில் ஒரு பங்கு. சாரலுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவே இல்லை. எழுத்து வரையும் கேன்வாஸ் என்றால் செய்யாதீர்கள், எழுத்து மங்கிவிடும். இன்னொன்று, 150 கோடுகளை 150 முறை தனித்தனியாக வரையாமல், ஒரே பாதையில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே முறை ஸ்ட்ரோக் கொடுங்கள்.

9. அளந்து பாருங்கள், பழைய ஃபோனில்

ஃபோனில் அமைப்புகளுக்குள் அபவுட் ஃபோனில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். யுஎஸ்பி டீபக்கிங்கைப் போடுங்கள். கேபிளை மாட்டி, கம்ப்யூட்டரில் குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தைத் திறந்தால் ஃபோனில் ஓடும் டேப் பட்டியலில் வரும். அங்கிருந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் பத்து நொடி பதிவு எடுங்கள்.

பதிவில் சராசரியைப் பார்க்காதீர்கள். மிக நீளமான ஃபிரேம் எது என்று பாருங்கள். 600 ஃபிரேமில் ஒன்று 120 மில்லிநொடி எடுத்திருந்தால், பார்ப்பவர் நினைவில் நிற்பது அந்த ஒன்றுதான். அதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் அசைவாக இருக்காது. நடுவில் வந்து இறங்கிய பெரிய படம், எழுத்துரு, சாட் பெட்டி இப்படி ஏதாவது இருக்கும். அசைவை அவை இறங்கி முடித்த பிறகு தொடங்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

லேப்டாப்பில் சிபியுவை நான்கு மடங்கு, ஆறு மடங்கு மெதுவாக்கிப் பார்க்கும் வசதி உண்டு. முதல் கட்டத்துக்கு நல்லது, ஆனால் அது கிராஃபிக்ஸ் சிப்பை மெதுவாக்காது. நான் ஏமாந்தது அங்கேதான்.

அப்புறம், குளிர்ந்த ஃபோனில் ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். பத்து நிமிடம் ஓட விட்டுவிட்டு மறுபடி பதிவு எடுங்கள். ஆரியங்காவு மலைப்பாதையில் பஸ் ஜன்னலோரம் வெயிலில், சிக்னல் தேடித் தேடிச் சூடான ஃபோனில்தான் கொல்லத்துக்காரர் உங்கள் பக்கத்தைத் திறப்பார். சூடான ஃபோன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கூடவே, அசைவு ஓடும்போது முன்பதிவுப் பட்டனைத் தட்டிப் பாருங்கள். தட்டியதிலிருந்து திரையில் மாற்றம் தெரிய 200 மில்லிநொடிக்குள் இருந்தால் கூகுளின் அளவுகோலில் நல்லது என்று கணக்கு. அதைத் தாண்டினால் சாரலைக் குறைக்க வேண்டியதுதான். அறை பதிவாக வேண்டும், மழை அதற்குப் பிறகுதான்.

வேலை முடிந்ததும் டெவலப்பர் ஆப்ஷன்ஸை அணைத்துவிடுங்கள். அது திறந்திருந்தால் சில வங்கிச் செயலிகள் ஓட மறுக்கும்; ஃபோனைக் கடன் கொடுத்தவர் உங்களைத் தேடி வருவார்.

10. நிறுத்த வேண்டிய இடங்கள்

அசைவு பார்த்தால் தலை சுற்றும், குமட்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். என் சித்திக்கே அப்படி. அவர்கள் ஃபோனில் அசைவைக் குறைக்கும் அமைப்பைப் போட்டிருப்பார்கள். ப்ரிஃபர்ஸ் ரெட்யூஸ்ட் மோஷன் என்ற விதியால் அதைத் தெரிந்துகொண்டு, அவர்களுக்கு அசையாத படத்தைக் காட்டுங்கள். இது பத்து நிமிட வேலை, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

தானாகத் தொடங்கி ஐந்து நொடிக்கு மேல் ஓடும் அசைவுக்கு நிறுத்தும் பட்டன் வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி என்ற அணுகல் நெறிமுறை. எதுவும் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்பதும் அதில் உண்டு. வலிப்பு வரும் ஆபத்து இருக்கிறது. மின்னல் போடும் ஆசை இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

முகப்பைத் தாண்டி ஸ்க்ரோல் செய்து போய்விட்டால் சாரலை நிறுத்துங்கள். இன்டர்செக்‌ஷன் அப்சர்வர் என்ற உலாவி வசதி அதைச் சொல்லும்.

11. எழுதி வாங்க வேண்டியதும், நாள் கணக்கும்

வாடிக்கையாளரிடம் ஒரு பக்கத் தாள் ஒன்றில் ஒப்புதல் வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: எந்தெந்த ஃபோனில் சோதித்தோம், எந்த அசைவு எத்தனை ஃபிரேம், மெதுவான ஃபோனில் எதை நிறுத்துவோம், வீடியோ கோப்பை மாற்றினால் மறுசோதனைக்கு எவ்வளவு கட்டணம். எனக்குத் தொடக்கத்தில் இந்தத் தாள் இல்லாததால் எட்டு நாள் வேலைக்கும் பணம் கேட்க முடியவில்லை. "லேப்டாப்புல நல்லாத்தானே ஓடுச்சு?" என்ற கேள்விக்கும் இந்தத் தாள்தான் பதில்.

நாள் கணக்கு இது. கோப்புகளும் ஃபோன்களும் சேர அரை நாள். அசைவுகளைப் பிரித்து எண் முடிவு செய்ய இரண்டு மணி நேரம். நேரக் கணக்கும் 29-ம் எழுத அரை நாள். வரைதலைச் சுருக்க ஒரு நாள். அளந்து திருத்த ஒரு நாள், அதில் பாதி ஃபோன் சூடாகக் காத்திருப்பது.

குற்றாலம், தென்காசிப் பக்கம் வேலை செய்பவர்கள் இதையெல்லாம் வைகாசிக்குள் முடித்துவிடுங்கள். ஆனி பிறந்து முதல் தண்ணீர் விழுந்த செய்தி வந்ததும் விடுதிக்காரர்களைப் பிடிக்க முடியாது. கடைசியில் அண்ணாச்சி தாளில் கையெழுத்துப் போட்டது சாவிக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படிக்கட்டில் நின்றபடிதான். போட்டுவிட்டுத் தன் பழைய ஃபோனைச் சாய்த்துப் பிடித்து, பக்கத்தில் நின்ற அறைப் பையனிடம் காட்டினார். "இப்பதான்ல நம்ம சாரல் மாதிரி இருக்கு."